சர்வரைக் கேட்டேன், கிளையண்டைக் கேட்கவில்லை

(பழைய மாணவர் சந்திப்பில், இன்றைய மாணவர்களும் கலந்துகொண்ட பிற்பகல் அமர்வில் ஆற்றிய உரை. மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டதற்கிணங்க எழுத்தில் தருகிறேன். கரும்பலகையில் போட்ட கணக்கையும் சேர்த்திருக்கிறேன்.)



மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பேசுகிறவனுக்கு ஒரு சலுகை உண்டு. பாதிப் பேர் கண்ணை மூடினாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது. பாயசத்துக்குப் பிறகு நானே கொஞ்சம் அசந்துபோய்த்தான் மேடை ஏறியிருக்கிறேன். செயலாளர் என்னிடம், "சார், உங்க துறையில ஏதாவது சொல்லுங்க, பசங்களுக்குப் பிரயோஜனமா இருக்கணும்" என்றார். என் துறை என்பது பெரிய துறை ஒன்றும் இல்லை. முப்பது வருஷத்துக்கு மேலாக மற்றவர்களுடைய கம்ப்யூட்டர் ஏன் மெதுவாக ஓடுகிறது என்று பார்த்துச் சொல்வதுதான் என் பிழைப்பு. அதில் ஒரு மூலையைப் பற்றி மட்டும் பேசப்போகிறேன். என்.எஃப்.எஸ். என்ற நெட்வொர்க் ஃபைல் சிஸ்டத்தில், கிளையண்ட் பக்கம் எடுக்கிற கணக்கு.

டீ நேரத்தில் ஒரு மாணவர் தலைப்பைப் பார்த்துவிட்டு, "கிளவுட் காலத்துல இதெல்லாம் இன்னும் இருக்கா சார்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அமேசான் கம்பெனி 2016ல் எல்லோருக்கும் திறந்துவிட்ட ஈ.எஃப்.எஸ். என்ற கோப்புச் சேவைக்குள் ஓடுவதே என்.எஃப்.எஸ். நான்காம் பதிப்புதான். பெயர்ப் பலகை மாறியிருக்கிறது, சமையல் அதேதான்.

வரலாறு தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. அமெரிக்காவில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1982ல் தொடங்கப்பட்டது. தொடங்கியவர்களில் ஒருவர் டெல்லி ஐ.ஐ.டி.யில் படித்த வினோத் கோஸ்லா. அந்தக் கம்பெனியின் பொறியாளர்கள் என்.எஃப்.எஸ்.ஸை உருவாக்கி, 1985ல் யூஸ்னிக்ஸ் மாநாட்டில் கட்டுரையாக வைத்தார்கள். இரண்டாம் பதிப்பின் விதிமுறை 1989ல் ஆர்.எஃப்.சி. 1094 என்ற எண்ணில் வெளியாயிற்று. மூன்றாம் பதிப்பு 1995ல். நான்காவது 2000க்குப் பிறகு பல திருத்தங்களோடு. வேறு ஏதோ ஒரு கம்ப்யூட்டரின் டிஸ்க்கில் இருக்கிற கோப்பை, உங்கள் மேஜையில் இருக்கிற கம்ப்யூட்டரிலேயே இருப்பதுபோல் காட்டுவதுதான் அதன் வேலை. அதற்கு மேல் வரலாறு வேண்டாம், கதைக்கு வருகிறேன்.

தொண்ணூறுகளின் முதல் பாதி. தி.நகரில், ஜி.என். செட்டி ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு தெருவில் இரண்டு மாடி அலுவலகம். பெயர் வேண்டாம். வெளிநாட்டுப் பொறியியல் வரைபடங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருகிற தொழில். இரண்டு ஷிஃப்ட். யூனிக்ஸ் வொர்க்ஸ்டேஷன்கள் பத்துப் பன்னிரண்டு, எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே ஒரு சர்வர். அந்தக் காலத்து மெல்லிய கருப்புக் கோஆக்ஸியல் கேபிள் ஒவ்வொரு மேஜையாகத் தொட்டுக்கொண்டு போகும், மாட்டுப்பொங்கலுக்கு மாடுகளை ஒரே கயிற்றில் கட்டினாற்போல.

பகலில் எல்லாம் ஒழுங்காக நடக்கும். மாலை ஐந்தரை தாண்டினால் வரைபடம் திறக்க இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம் ஆகும். திரையில் அந்தப் புகழ்பெற்ற வரி வந்து நிற்கும்: "என்.எஃப்.எஸ். சர்வர் நாட் ரெஸ்பாண்டிங், ஸ்டில் ட்ரையிங்." கொஞ்ச நேரத்தில் "ஓகே" என்று வரும். மறுபடியும் "நாட் ரெஸ்பாண்டிங்". ஆபரேட்டர்கள் கீழே இறங்கி டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். இரவுக்குள் அனுப்பவேண்டிய வேலை விடியற்காலையில் போகும்.

அந்த சர்வரைப் பார்த்துக்கொண்டிருந்தவர் நம் கல்லூரிப் பையன். எனக்கு மூன்று வருஷம் ஜூனியர். மந்தைவெளியிலிருந்து சைக்கிளில் வருவார். என்னை வெளியிலிருந்து, ஆலோசனை சொல்ல அழைத்திருந்தார்கள். நான் இரண்டு மாலை உட்கார்ந்து சர்வரில் கணக்கு எடுத்தேன். மாலையில் படிக்கும் கோரிக்கைகள், அதாவது ரீட் கால்கள், பகலைவிட மிக அதிகம். சர்வர் மூச்சு வாங்குகிறது. கோரிக்கைகளைக் கவனிக்கிற என்.எஃப்.எஸ்.டி. என்ற டீமன்களைப் பையன் நான்கு மட்டும் ஓட விட்டிருந்தார். நானாக இருந்தால் எட்டு வைத்திருப்பேன். இரண்டையும் சேர்த்துப் பார்த்தேன், விடை கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். "சர்வர் சரியாக அமைக்கப்படவில்லை" என்று நான்கு பக்க அறிக்கை கொடுத்தேன். டைப் அடித்து, ஸ்பைரல் பைண்டிங் எல்லாம் போட்டு.

அந்த மாதக் கடைசியில் அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

எட்டு டீமன் போட்டோம். ஒரு மாற்றமும் இல்லை. ஐந்தரை மணி, நாட் ரெஸ்பாண்டிங்.

இங்கே கதையை நிறுத்திவிட்டு விஷயத்தைச் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் மிச்சம் புரியாது.

நம் கல்லூரி நூலகத்தில் அப்போதெல்லாம் நாமே உள்ளே போய்ப் புத்தகம் எடுக்க முடியாது. சீட்டு எழுதி ஜன்னலில் நீட்டவேண்டும். உள்ளே இருக்கிற உதவியாளர் அலமாரிக்குப் போய் எடுத்து வருவார். பழைய பதிப்பு என்.எஃப்.எஸ். சர்வர் அந்த உதவியாளர் மாதிரி, ஆனால் ஞாபகசக்தி கிடையாது. போன நிமிஷம் யார் கேட்டார், எத்தனையாம் பக்கம் வரை கொடுத்தோம், எதுவும் தெரியாது. ஒவ்வொரு சீட்டிலும் எல்லாவற்றையும் எழுதவேண்டும்: எந்தக் கோப்பு, எந்த இடத்திலிருந்து, எத்தனை எழுத்து. ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு வரிசை எண் உண்டு. அதற்குப் பெயர் எக்ஸ்.ஐ.டி.

சீட்டு கொடுத்துப் புத்தகம் வரவில்லை என்றால்? அதே எண் போட்டு அதே சீட்டை மறுபடி கொடுக்க வேண்டியதுதான். யூ.டி.பி. வழியில் ஓடிய அந்த நாட்களில் முதல் பொறுமை வழக்கமாக 0.7 நொடி. அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் காத்திருக்கும் நேரத்தை இரட்டிப்பாக்கும். சில முறை முயன்ற பிறகுதான் "நாட் ரெஸ்பாண்டிங்" என்று திரையில் எழுதும். மறுபடி கொடுத்த சீட்டுகளின் எண்ணிக்கைக்கு ரீட்ரான்ஸ் என்று பெயர். என்.எஃப்.எஸ்.ஸ்டாட் என்ற கட்டளையைக் கிளையண்டில் கொடுத்தால் அது வரும்.

அதன் பக்கத்திலேயே இன்னொரு எண் வரும். பேட் எக்ஸ்.ஐ.டி. நான் அதைக் கவனித்ததே இல்லை. பெயரைப் பார்த்தால் ஏதோ கெட்டுப்போனது மாதிரி தோன்றும். விஷயம் வேறு. நீங்கள் பொறுமையில்லாமல் இரண்டாவது சீட்டைக் கொடுத்தீர்கள். உதவியாளர் மெதுவானவர்தான், ஆனால் இரண்டு சீட்டுக்கும் உழைத்தார். முதல் புத்தகம் வந்தது, வாங்கிக்கொண்டீர்கள். பிறகு அதே புத்தகத்தின் இன்னொரு பிரதியையும் கொண்டுவந்து நீட்டுகிறார். "இதை யாரும் கேக்கலையே" என்று திருப்பி அனுப்புகிறீர்கள். அப்படித் திருப்பி அனுப்பிய பதில்களின் எண்ணிக்கைதான் பேட் எக்ஸ்.ஐ.டி.

இப்போது நீங்களே யோசித்துப் பாருங்கள். மறு சீட்டுகள் அதிகம், இரட்டைப் புத்தகங்களும் ஏறக்குறைய அதே அளவு வருகின்றன என்றால் உதவியாளர் மெதுவாக இருக்கிறார். அதாவது கோளாறு சர்வரில். மறு சீட்டுகள் அதிகம், ஆனால் இரட்டைப் புத்தகம் ஒன்றுகூட வரவில்லை என்றால்? சீட்டோ புத்தகமோ வழியிலேயே விழுகிறது. கோளாறு நெட்வொர்க்கில். ரீட்ரான்ஸ் நூற்றுக்கு ஐந்தைத் தாண்டினால் கவனி, பிறகு பேட் எக்ஸ்.ஐ.டி.யை ஒப்பிட்டுப் பார் என்பது அந்தக் காலத்து நிர்வாகிகளின் பாலபாடம். அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் கவனியுங்கள். வழியில் புத்தகம் விழுந்துகொண்டே இருந்தால் உள்ளே இருக்கிற உதவியாளர் ஒரே புத்தகத்துக்கு நாலு தடவை ஓடுவார். உள்ளே நின்று எண்ணுகிறவருக்கு என்ன தோன்றும்? "அடேயப்பா, இன்னிக்குக் கூட்டம் அதிகம், ஆள் போதலை" என்று தோன்றும். நான் உள்ளே நின்று எண்ணினேன்.

சரி, கதைக்கு வருகிறேன். எட்டு டீமன் போட்டும் குணமாகவில்லை என்று மூன்று வாரம் கழித்து மறுபடி கூப்பிட்டார்கள். இந்தத் தடவை ஒரு வொர்க்ஸ்டேஷனில் உட்கார்ந்தேன். எண்ணிகளைப் பூஜ்யமாக்கிவிட்டு அரை மணிக்கு ஒரு தடவை நோட்டில் எழுதினேன். மதியம் முழுக்க ரீட்ரான்ஸ் கிட்டத்தட்ட இல்லை. ஐந்தரைக்கு எகிறியது. நூற்றுக்கு இருபதைத் தாண்டிவிட்டது. பேட் எக்ஸ்.ஐ.டி.யைப் பார்த்தேன். ஒற்றை இலக்கம். அங்கேயே வியர்த்துவிட்டது, ஏ.சி. அறையில்.

எழுந்து போய்க் கேபிளைத் தொட்டுக்கொண்டே நடந்தேன். மேனேஜர் அறைக்குப் பக்கத்து அறையில் ஒரு உபரி மெஷின். இரண்டாம் ஷிஃப்ட்காரர்கள் மட்டும் பயன்படுத்துவார்கள். பகலில் வாசல் குறுக்கே கேபிள் கிடந்தால் போகிறவர் வருகிறவர் கால் தடுக்கும் என்று, ரிசப்ஷன் மூடிய பிறகுதான் அதைப் போடுவார்கள். எப்படி? கடைசி மேஜைக்கு முன்னால் இருந்த டி வடிவ இணைப்பின் நடுக்காலிலிருந்து மூன்று மீட்டர் கேபிளை இழுத்து அந்த மெஷினில் சொருகுவார்கள். தெரிந்தவர்களுக்கு இப்போதே புரிந்திருக்கும். அந்தவகைக் கேபிளில் டி இணைப்பு நேராக மெஷினின் முதுகிலேயே உட்காரவேண்டும். நடுவில் ஒரு சாண் கேபிள்கூட வரக்கூடாது. கோட்டின் இரண்டு முனையிலும் 50 ஓம் டெர்மினேட்டர் மாட்டுவதே சிக்னல் முட்டித் திரும்பி வராமல் இருக்கத்தான். இப்படி ஒரு வால் தொங்கினால் அதன் நுனியில் சிக்னல் மோதித் திரும்பி வந்து, போய்க்கொண்டிருக்கிற சிக்னலைக் குழப்பும்.

சின்னப் பாக்கெட்டுகள் எப்படியோ தப்பித்துவிடும். பெரியவை அடிபடும். அதனால்தான் டைரக்டரியில் என்ன இருக்கிறது என்று கேட்டால் பட்டியல் உடனே வந்தது, வரைபடத்தைத் திறந்தால் வரவில்லை. ஒரு தடவை படிப்பது 8 கிலோபைட். ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட் 1500 பைட்தான் ஏற்கும். ஆகவே ஒரு பதில் ஆறு துண்டாக வரும். ஆறில் ஒன்று கெட்டால் ஆறும் வீண், மறுபடி முதலிலிருந்து. சர்வர் பாவம், ஆறையும் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தது. அதைத்தான் நான் "சர்வரில் சுமை" என்று எழுதினேன்.

கேபிளை ஒழுங்காகச் சுற்றி எடுத்துப்போக ஒரு நாள் ஆயிற்று. அன்று மாலை ஐந்தரை, ஆறு, ஆறரை. ஒன்றும் நடக்கவில்லை. மேனேஜரிடம் உட்கார்ந்து சொன்னேன்: "சார், முதல் ரிப்போர்ட் தப்பு. அந்தப் பையன் மேல தப்பு இல்லை." அவர் நல்ல மனிதர்தான். "சரியாயிடுச்சில்ல, விடுங்க" என்றார்.

பௌதிக லாபில் மீட்டர் பிரிட்ஜ் செய்தது நினைவிருக்கிறதா? தெரியாத மின்தடையை இடது இடைவெளியில் வைத்து ஒரு அளவு எடுப்போம். நம் ஆசிரியர் ரெகார்டில் கையெழுத்து போடமாட்டார். "இடம் மாத்தி வெச்சு எடுத்தியா?" என்பார். வலது பக்கம் வைத்தும் எடுத்து, இரண்டின் சராசரி போட்டால்தான் முனைப்பிழை போகும். நான் அந்தப் பரிசோதனையில் முழு மார்க் வாங்கியவன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மந்தைவெளிக்குப் போனேன். அவருடைய அம்மா காபி கொடுத்தார்கள். அந்த டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. ஒருவழியாகச் சொன்னேன். அவர் கேபிளைப் பற்றிக் கேட்கவில்லை. "கிளையண்ட்ல எடுத்தீங்களாண்ணா?" என்றுதான் கேட்டார். இப்பத்தான் எடுத்தேன் என்றேன். "நானும் எடுக்கணும்னு ஷிஃப்ட் சூப்பர்வைசர்கிட்ட கேட்டேண்ணா. புரொடக்ஷன் மெஷின்ல கை வைக்காதேன்னுட்டார். ரிப்போர்ட் எழுதறதுக்கு முன்னாடி நீங்க கேப்பீங்கன்னு நெனச்சேன்."

இரண்டு மாலை அந்த அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தேன். சர்வர் அறையில் எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டவரே அவர்தான். அவரிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

இரண்டு பக்கத்தில் புது அறிக்கை எழுதி, முதல் அறிக்கை எந்த இடத்தில் தவறியது என்று கணக்கோடு சொல்லி, அலுவலகத்துக்கு ஒரு பிரதியும் அவருக்கு ஒரு பிரதியும் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். அலுவலகம் அதை ஃபைலில் போட்டுக்கொண்டது. அவர் அதற்குள் அடையாறில் வேறு வேலைக்குப் போய்விட்டிருந்தார். இந்தக் கதையை இங்கே சொல்லலாமா என்று போன மாதம் கேட்டேன். "பேர் மட்டும் வேண்டாம்ணா" என்றார்.

இன்றைய மாணவர்களுக்கு இனிமேல்தான் வேலை. உங்களுக்குக் கிடைக்கிற கருவிகள் எங்களுக்குக் கிடைக்கவில்லை. பழைய என்.எஃப்.எஸ்.ஸ்டாட்டில் ஒரு பெரிய குறை, எல்லா சர்வர்களின் கணக்கையும் ஒரே உண்டியலில் போட்டுவிடும். எந்தச் சர்வர், எந்த மவுண்ட் என்று பிரித்துப் பார்க்க முடியாது. லினக்ஸில் 2006ல் சக் லீவர் என்ற பொறியாளர் அதற்கு வழி செய்தார். ஒவ்வொரு மவுண்டுக்கும் தனித்தனிக் கணக்கு. ப்ராக் டைரக்டரிக்குள் செல்ஃப், அதற்குள் மவுண்ட்ஸ்டாட்ஸ் என்ற கோப்பில் பார்க்கலாம். பார்த்தவுடன் பயப்படாதீர்கள், எண்கள் கொட்டிக் கிடக்கும். மவுண்ட்ஸ்டாட்ஸ், என்.எஃப்.எஸ்.ஐயோஸ்டாட் என்று இரண்டு கட்டளைகள் அதைப் படித்துப் புரிகிற மாதிரி தரும். இருந்தாலும் ஒரு தடவையாவது கோப்பை நேராகப் படித்துப் பாருங்கள்.

அதில் பைட்ஸ் என்று ஒரு வரி. நிரல்கள் எத்தனை பைட் படிக்கக் கேட்டன என்பது ஒரு எண், அதில் சர்வரிலிருந்து உண்மையில் எத்தனை வந்தது என்பது இன்னொரு எண். நிரல் கேட்டது அதிகம், சர்வரிலிருந்து வந்தது குறைவு என்றால் மிச்சத்தை உங்கள் கம்ப்யூட்டரின் நினைவகமே கொடுத்திருக்கிறது. இது தெரியாமல் ஒரே கோப்பை இரண்டு தடவை படித்து, "நெட்வொர்க் பிரமாதமா இருக்கு சார்" என்று சொல்லி அசடு வழிந்தவர்களை எனக்குத் தெரியும்.

முக்கியமான பகுதி, ஒவ்வொரு செயலுக்கும் ஒரு வரி. ரீட், ரைட், லுக்அப், கெட்ஆட்டர் என்று. எத்தனை தடவை செய்தோம், எத்தனை தடவை அனுப்பினோம், எத்தனை பெரிய டைம்அவுட், போன பைட், வந்த பைட், பிறகு மூன்று நேரங்கள் மில்லி நொடியில். பின்னால் வந்த கெர்னல்களில் பிழை எண்ணிக்கையும் சேர்ந்திருக்கிறது. அந்த மூன்று நேரங்கள்தான் தங்கம். முதலாவது, சீட்டு எழுதிய பிறகு ஜன்னலுக்குப் போகும்வரை நம் பக்கத்து வரிசையில் நின்ற நேரம். இரண்டாவது, ஜன்னலில் கொடுத்ததிலிருந்து புத்தகம் கைக்கு வரும்வரை. இதை ஆர்.டி.டி. என்பார்கள். மூன்றாவது ஆரம்பத்திலிருந்து முடிவு வரை மொத்த நேரம்.

கரும்பலகையில் போட்ட கணக்கு இது. புரிவதற்காக நானே போட்ட எண்கள். பத்து நொடி இடைவெளியில் இரண்டு தடவை கோப்பைப் படிக்கிறோம். இரண்டையும் கழித்தால் ரீட் 40,000. ஆர்.டி.டி. கூடியது 1,60,000 மில்லி நொடி. வரிசை நேரம் கூடியது 10,00,000. மொத்த நேரம் 12,00,000. வகுத்துப் பாருங்கள். ஒரு ரீடுக்கு சர்வரும் நெட்வொர்க்கும் சேர்ந்து எடுத்துக்கொண்டது 4 மில்லி நொடி. நம் வாசலிலேயே நின்றது 25. மொத்தம் 30. பயன்படுத்துகிறவர் 30ஐத்தான் உணர்கிறார், "சர்வர் ஸ்லோ" என்கிறார். சர்வர் மேல் பழி 4க்குத்தான் போடலாம், அதிலும் நெட்வொர்க்குக்குப் பங்கு உண்டு.

ஏன் 25? அதையும் இதே எண்களிலிருந்து எடுக்கலாம். 10 நொடிக்குள் 160 நொடி அளவுக்குப் பதிலுக்காகக் காத்திருந்தோம் என்றால், எந்த நேரத்திலும் சராசரியாக 16 சீட்டுகள் வெளியே இருந்திருக்கின்றன. பழைய லினக்ஸ் கிளையண்ட் ஒரே சமயத்தில் வெளியே விடுகிற சீட்டுகளின் வரம்பு வழக்கமாக 16. ஆக ஜன்னல் நிரம்பிவிட்டது, மற்றவர்கள் வெளியே வரிசையில். சர்வரை மாற்ற லட்சக்கணக்கில் செலவு செய்யாமல் ஒரு எண்ணை மாற்றினால் போதும். புதிய கெர்னல்களில் அந்த வரம்பு தானாக வளர்ந்துகொள்ளும். பழசை ஓட்டுகிற இடங்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம், அதனால் சொன்னேன்.

ஒரு எச்சரிக்கை. இந்த எண்ணிகள் எல்லாம் மவுண்ட் செய்த நாளிலிருந்து கூடிக்கொண்டே வருபவை, வீட்டு மின்சார மீட்டர் மாதிரி. மீட்டரில் 48,000 என்று இருந்தால் இந்த மாத பில் அதுவா? போன தடவை எடுத்ததைக் கழித்தால்தான் கணக்கு. என்.எஃப்.எஸ்.ஐயோஸ்டாட் கட்டளையின் முதல் பக்கமும் அப்படித்தான், மவுண்ட் ஆனதிலிருந்து வந்த சராசரி. மூன்று மாத சராசரியில் இன்று மாலை ஐந்தரை எங்கே தெரியப்போகிறது? இரண்டாவது பக்கத்திலிருந்து பாருங்கள்.

இன்னொன்று. நான் சொன்ன ரீட்ரான்ஸ் விதி யூ.டி.பி. காலத்தது. இப்போது டி.சி.பி. லினக்ஸில் 2020 முதல் என்.எஃப்.எஸ்.ஸுக்கு யூ.டி.பி.யை இயல்பாக மூடியே வைத்துவிட்டார்கள். டி.சி.பி.யில் கிளையண்டின் பொறுமை வழக்கமாக 60 நொடி. அதற்குள் வழியில் விழுந்ததை டி.சி.பி.யே சத்தம் போடாமல் எடுத்துக் கொடுத்துவிடும். ஆகவே ரீட்ரான்ஸ் பூஜ்யம் என்று பார்த்துவிட்டு "கேபிள் சுத்தம்" என்று அறிக்கை எழுதாதீர்கள். நெட்ஸ்டாட்டில் டி.சி.பி. மறுபடி அனுப்பியதன் கணக்கைத் தனியே பாருங்கள். மவுண்ட்ஸ்டாட்ஸில் எக்ஸ்.பி.ஆர்.டி. என்ற வரியில் எத்தனை தடவை இணைப்பு அறுந்து மறுபடி இணைந்தது என்று இருக்கும். பேட் எக்ஸ்.ஐ.டி.யும் அந்த வரியில்தான் இன்னும் உயிரோடு இருக்கிறது. எனக்கு அதைப் பார்த்தால் பழைய வகுப்புத் தோழனைப் பார்த்தது மாதிரி.

கெட்ஆட்டர் என்ற செயல் எண்ணிக்கையில் ரீடை மிஞ்சிக் கிடந்தால், யாரோ ஒரு நிரல் "மாறிச்சா, மாறிச்சா" என்று கோப்பின் தேதியைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம். லினக்ஸ் கிளையண்ட் கோப்பின் விவரத்தை இயல்பாக 3 நொடி முதல் 60 நொடி வரை தன்னிடமே வைத்துக்கொள்ளும். பக்கத்து மெஷினில் எழுதியது உடனே தெரியவில்லை என்று அந்த வசதியையே நிறுத்திவிட்டால் ஒவ்வொரு தொடுதலுக்கும் சர்வரைக் கேட்கும். சரியான பதில் வரும், ஆனால் மெதுவாக வரும். இதில் எது வேண்டும் என்று வேலையைப் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும்.

இதெல்லாம் ஒரு மெஷின், இரண்டு மெஷின் கதை என்று நினைக்கவேண்டாம். நம் பக்கத்திலேயே தரமணியில் இருக்கிற கணித அறிவியல் நிறுவனத்தில் கப்ரு என்று இமயச் சிகரத்தின் பெயர் வைத்து, இரட்டை ப்ராசஸர் கொண்ட 144 கம்ப்யூட்டர்களைக் கோத்து ஒரு கணினிக் கொத்து கட்டினார்கள். 2004ல் உலகின் 500 அதிவேகக் கணிப்பொறிகளின் பட்டியலில் அது இடம்பிடித்தது. அந்த நிறுவனத்தின் கதையே மயிலாப்பூரில் தொடங்குகிறது, தெரியுமோ? லஸ் அருகே ஏகாம்ர நிவாஸ் என்ற தம் வீட்டில் அல்லாடி ராமகிருஷ்ணன் நடத்திய பௌதிகக் கருத்தரங்குகளிலிருந்து வளர்ந்து, 1962ல் நிறுவனமாக ஆனது. சரி, சொல்லவந்தது வேறு. இப்படிப்பட்ட கொத்துகளில் பயனாளிகளின் ஹோம் டைரக்டரியை என்.எஃப்.எஸ். மூலம் எல்லாக் கம்ப்யூட்டர்களுக்கும் தருவது பரவலான வழக்கம். 144 பேர் ஒரே நொடியில் ஒரே நிரலைத் திறக்கச் சீட்டு நீட்டினால், அந்த நொடியில் சர்வர் உண்மையாகவே திணறும். அப்போது ஒவ்வொரு கிளையண்டிலும் ஆர்.டி.டி. சேர்ந்து ஏறும், ஒரே ஒரு கிளையண்டில் மட்டும் ஏறினால் அது வேறு கதை. சர்வர் மேல் குற்றமே இருக்காது என்று நான் சொல்லவரவில்லை. இரண்டு பக்கமும் எடுத்துவிட்டுச் சொல்லுங்கள் என்கிறேன்.

நேற்று நம் கல்லூரி கம்ப்யூட்டர் லாபுக்குப் போயிருந்தேன். அங்கேயும் மாணவர்களின் கோப்புகள் ஒரு சர்வரில், என்.எஃப்.எஸ். வழியாகத்தான். மதியத்துக்கு மேல் மெதுவாகிறது என்று குறை. யார் காரணம் என்பதிலும் ஏற்கெனவே ஒரு கருத்து நிலவுகிறது. லாப் பொறுப்பாசிரியரிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். திங்கட்கிழமை முதல் இறுதியாண்டு மாணவிகள் இருவர், இரண்டு கிளையண்டிலும் சர்வரிலுமாகக் காலை ஒன்பது மணிக்கும் மாலை நாலு மணிக்கும் கணக்கெடுத்து எழுதப்போகிறார்கள். லஸ் கார்னரில் ஒரு லாங் சைஸ் நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் கோடு போட்டுக் கொடுத்துவிட்டேன். தேதி, நேரம், மெஷின், ரீட், அனுப்பியது, வரிசை நேரம், ஆர்.டி.டி., மொத்த நேரம். கடைசிக் கட்டத்தை மட்டும் மற்றவற்றைப்போல் மூன்று மடங்கு அகலமாக விட்டிருக்கிறேன். அதன் தலைப்பு: "இன்று யார் எதை மாற்றினார்கள்."

அந்தக் கட்டத்தில் எழுதுவதற்கு யாரிடமும் பயப்பட வேண்டாம் என்று லாப் உதவியாளரிடமும் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.